மேல்மாடியின் வடக்குச் சுவர்

எங்கள் நகரத்தின் பழைய கடைத்தெருவில், வாவிப் பக்க வரிசையில், மூலையிலிருந்து மூன்றாவது கட்டடம் என்னுடையது. என்னுடையது என்றால் என்ன என்பதையும் எழுதிவிட வேண்டும். எங்கள் பகுதியில் வீடும் வளவும் பெண்பிள்ளைக்கே போகும். அந்தக் கட்டடம் என் தாயாருக்குச் சீதனமாக வந்து, அவரிடமிருந்து எனக்கு வந்தது. நான் மாவட்ட அரச அலுவலகமான கச்சேரியில் எழுதுவினைஞராக வேலை செய்கிறேன். வியாபாரம் தெரியாது. ஆகவே அதை ஒரு துணிக்கடைக்காரருக்கு வாடகைக்கு விட்டிருந்தோம். அவர் காத்தான்குடியிலிருந்து நாள்தோறும் பஸ்ஸில் வந்து கடை திறப்பவர். என்னைவிட மூத்தவர் என்பதால் நான் அவரைக் காக்கா என்பேன். அவர் என்னைத் தங்கச்சி என்பார்.

முன்பக்கம் தூண்கள் வைத்த விறாந்தை, பின்பக்கம் வாவிக்குள் இறங்கும் கற்படிகள். சரக்குத் தோணியில் வந்த காலத்தில் அரிசி மூட்டைகள் அந்தப் படிகளால்தான் ஏறின. கீழ்த்தளம் அப்போது அரிசிக் களஞ்சியம். லொறிகள் ஓடத் தொடங்கியதும் படிகளில் பாசி பிடித்தது, களஞ்சியம் துணிக்கடையானது. அந்த வரிசையில் என் கட்டடத்துக்கு மட்டும் மேல்மாடி உண்டு. காக்கா அதில் மேலதிகச் சரக்கை வைத்திருந்தார். கடைகளுக்கு இடையே ஒவ்வொரு சுவர்தான். இரு பக்கத்தாருக்கும் பொது. யார் அதில் ஆணி அடிக்கலாம், யாருடைய கூரை வளை எவ்வளவு உள்ளே இருக்கலாம் என்று நீதிமன்றம் வரை போனவர்கள் அந்தத் தெருவில் இருந்தார்கள்.

சுவர்கள் நல்ல தடிப்பு. கடலிலிருந்து எடுக்கும் முருகைக்கல்லைக் கல்குடாப் பக்கத்துச் சூளைகளில் சுட்டெடுத்த சுண்ணாம்பால் கட்டியவை. அவற்றுக்கு ஒரு குணம். பூசிய வெள்ளை ஒரு மாரிக்கு மேல் நிற்காது. கீழே வாவியின் உப்பு ஏறி, மேலே வாடைக்காற்றோடு அடிக்கும் மழை ஊறி, பூச்சுக் கொப்பளித்து உதிரும். அதனால் அங்கே ஒரு வழக்கம் உண்டாகியிருந்தது. தமிழர் கடைகள் சித்திரை வருடப்பிறப்புக்கு முன்னும், முஸ்லிம்களின் கடைகள் பெருநாளுக்கு முன்னும் வெள்ளையடிக்கும். பூட்டிக் கிடந்த கடையைத் திறப்பதென்றால், சரக்கு இறக்குவதற்கு முன்பே வெள்ளையடிக்க வேண்டும். வெள்ளையடிக்காத கடைக்குள் முதல் வாடிக்கையாளரை அழைப்பது மரியாதையல்ல என்று இரண்டு பகுதியாரும் ஒரே மாதிரி நினைத்தார்கள். வேலைக்கும் ஓர் ஒழுங்கு இருந்தது. முதலில் பழைய பூச்சைச் சுரண்டுவார்கள். பள்ளங்களையும் கீறல்களையும் சுண்ணாம்புச் சாந்தால் நிரப்புவார்கள். அதன் பிறகே வெள்ளை. தொடங்குவது எப்போதும் மேல்மாடியில்; சொட்டுவது கீழே விழும் என்பதால்.

விறாந்தையின் முதல் தூணடியில் காலையில் தயிர் விற்கும் அக்கா ஒருவர் இருந்தார். வாவிக்கு மேற்கே, படுவான்கரையில், அவர்களுக்கு எருமைப்பட்டி இருந்தது. அவருடைய ஒரே மகன் சைக்கிளில் சட்டிகளைக் கட்டிக்கொண்டு பாலத்தால் வருவான். காக்கா கடைப்பலகைகளைக் கழற்ற வரும்போது சட்டிகள் அடுக்கியாகியிருக்கும். நான் கச்சேரிக்குப் போகும் வழியில் அவரிடம்தான் தயிர் வாங்குவேன். வாங்க வருகிற ஆண் பெண் எல்லாரையும் அவர் மனே என்பார்.

ஒவ்வொரு சட்டியின் கழுத்திலும் ஆணியால் கீறிய ஒரு குறி இருக்கும். ஒரு பிறை, அதன் வயிற்றில் ஒரு புள்ளி. பிறை அவர்களுக்குத் தாய்வழியில் வந்த மாட்டுக்குறி. எருமையின் தொடையில் சுடுவதும் அதுதான். புள்ளி அவருடைய வீட்டுக்கு மட்டும் உரியது, சகோதரிமாரின் பட்டியிலிருந்து பிரித்தறிய. சில சட்டிகளில் பிறையின் கீழே ஒரு கோடும் இருக்கும். கோட்டின் இரண்டு முனையிலும் ஆணியால் ஒவ்வொரு குத்து.

"இந்தச் சட்டியில மட்டும் ஏங்கா கோடு?" என்று ஒருநாள் கேட்டேன்.

"அது சட்டியோட வித்தது மனே. கைமாறிட்டு. மத்தச் சட்டியெல்லாம் எனக்குத் திரும்பி வரணும். எருமைய வித்தாலும் இப்பிடித்தான், குறிக்குக் கீழ கோடு சுடுவம். கோடு போட்டா மறுகா அதைத் தேடிப் போகப்படா."

"முனையில குத்து?"

"குத்தாட்டி, சும்மா கீறுப்பட்டதெண்டு சொல்லிச் சட்டியத் தாங்கெண்டு சண்டைக்கு வருவாளுகள், என்ட தங்கச்சிமார்."

காக்கா பலகையைத் தூக்கியபடி நின்று கேட்டுக்கொண்டிருந்தார். "அதெல்லாம் சரி. பிறை எங்கட சாமான் புள்ள. எங்களுக்கிட்டக் கேக்காம எப்ப எடுத்த?"

"வானத்தில கிடக்கிற பிறை எல்லாருக்கும் பொது காக்கா. எருமைட தொடையில கிடக்கிறது எனக்கு மட்டும்."

"அப்ப என்ட முதுகிலயும் ஒரு கோட்டக் கீறி விடு. பொண்டாட்டி தேடமாட்டா."

"ஒங்கள ஆரு காக்கா விலைக்கு எடுக்கிற?"

மகன் சைக்கிளைப் பிடித்தபடி சிரித்தான். அவன் சிரிக்கும்போது முகத்தைத் தோளுக்குள் புதைத்துக்கொள்வான்.

பிறகு, இரண்டு சமூகத்துக்கும் இடையே நடக்கக் கூடாதவை நடந்த ஆண்டு வந்தது. அவற்றை இங்கே எழுதப் போவதில்லை. இரண்டு பக்கத்து வீடுகளிலும் பிணம் கிடந்தது. காக்கா நகரத்துக்குக் கடைசியாக வந்த அன்று, கடைப்பலகைகளை வரிசை தவறாமல் போட்டுப் பூட்டித் திறப்பை என் கையில் தந்தார். "உங்கட கட்டடம். உங்களுக்கிட்டயே இரிக்கட்டும் தங்கச்சி" என்றார்.

சில மாதங்களில் அந்தக் கடைவரிசை முழுவதும் படைமுகாமாகியது. தெருவின் இரண்டு முனைகளிலும் தார்ப்பீப்பாக்களை அடுக்கினார்கள். என் கட்டடத்தின் மேல்மாடி யன்னல்களை மண்மூட்டைகளால் அடைத்தார்கள். உரிமையாளர் என்ற முறையில் நான் எழுதிக் கொடுத்த கடிதத்தைத் தடையில் நின்றவர் வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார். அதன் பிறகு சுற்றுப்பாதையால்தான் வேலைக்குப் போனேன். வாவியின் அடுத்த கரையில் நின்றால் கட்டடத்தின் பின்பக்கம் தெரியும். படிகளில் சீருடைகள் காய்ந்துகொண்டிருக்கும்.

தயிர்க்கார அக்காவின் மகனைப் பாலத்துச் சென்றியில் சோதனைக்கு நிறுத்தி இறக்கிக்கொண்டார்கள். அன்று அவ்வழியே வந்தவர்கள் கண்டது தெருவோரத்தில் ஒழுங்காக இறக்கி வைத்திருந்த தயிர்ச்சட்டிகளை. ஒன்றுகூட உடையவில்லை. சைக்கிள் நின்றது. அவன் இல்லை.

அக்கா எல்லா முகாம் வாசலுக்கும் போனார். எந்த இடத்திலும் அப்படி ஒருவரைப் பிடிக்கவில்லை என்றார்கள். ஒருநாள் என் வீட்டுக்கு வந்தார்.

"ஒங்கட கடைக்குள்ள கொஞ்சப் பேரை வச்சிரிக்காங்களாம் மனே. மேல. ஒங்கட கட்டடம்தானே, நீங்க கேட்டா ஒருக்கா உள்ள பாக்க விடமாட்டாங்களா?"

என்னிடம் இருந்தது ஒரு திறப்பு மட்டும். அதை எடுத்துக் காட்டினேன். அவர் அதை வாங்கிக் கையில் கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டுத் தந்தார்.

ஆண்டுகள் போயின. வெடிச்சத்தம் ஓய்ந்து, பாதைகள் திறந்தன. கடைவரிசையை உரியவர்களிடம் ஒப்படைப்பதாக அறிவித்தார்கள். காக்காவுக்குச் சொல்லியனுப்பினேன். தாடி முழுக்க வெளுத்து, ஒரு கண்ணுக்கு மட்டும் தடித்த கண்ணாடியோடு வந்திறங்கினார். தலை அசைத்தோம். திறப்பை நீட்டினேன். கட்டடத்தின் முன் போய் நின்றபோதுதான் பூட்டவோ திறக்கவோ அங்கே பலகைகளே இல்லை என்று கண்டோம். எல்லாம் பதுங்குகுழிக்குக் கூரையாகிப் போயிருந்தன. காக்கா திறப்பைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார்.

உள்ளே போனதும் நான் எங்கே நிற்கிறேன் என்று தெரியவில்லை. இடதுபக்கம் பார்த்தால் மூலைக்கடையின் வாசல் தெரிந்தது. வலதுபக்கம் பார்த்தால் வரிசையின் கடைசிக் கடையில் நின்ற ஒருவரின் கால்கள் தெரிந்தன. எல்லாப் பொதுச்சுவர்களிலும் ஓர் ஆள் குனிந்து போகும் அளவு துளை இட்டிருந்தார்கள். தெருவில் இறங்காமல் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை போய்வர அப்படிச் செய்திருக்கிறார்கள். ஒரு வளை முனைக்காக வழக்காடிய சுவர்கள் அவை. அடுத்த இரும்புக்கடைக்காரர் துளையால் தலையை நீட்டினார்.

"என்ன காக்கா, தேத்தண்ணிக்குச் சீனி இரிக்கா? இனிக் கதவு தட்டத் தேவையில்ல."

யாரும் சிரிக்கவில்லை. சொன்னவரும் சிரிக்கவில்லை. தலையை எடுக்காமல் அப்படியே நின்றார்.

மேல்மாடிக்கு நானும் காக்காவும் ஏறினோம். மண்மூட்டைகள் இன்னும் யன்னல்களில் இருந்ததால் இருட்டு. காக்கா டோர்ச்சை அடித்தார். தரையில் கிழிந்த பாய்கள். வளையிலிருந்து தொங்கிய கயிற்றுத் துண்டு ஒன்று. மூலையில் வெட்டிய பிளாஸ்டிக் கலன்கள். அந்த மணத்தை எழுதப் பலதடவை முயன்று விட்டுவிட்டேன். காக்கா டோர்ச்சை அணைத்தார்.

"இறங்குவம் தங்கச்சி."

கீழே வந்து தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். "இதில நான் சேலை வச்சிருந்தன்" என்றார். கொஞ்சம் பொறுத்து, "முதல்ல வெள்ள. மத்ததெல்லாம் மறுகா" என்றார்.

தெரு முழுக்க அதுதான் நடந்தது. துளைகளை அடைக்கக் கல் வரவில்லை, கதவுக்குப் பலகை இல்லை. ஆனால் எல்லாக் கடை வாசலிலும் சுண்ணாம்பு கரையும் பீப்பாய் நின்றது. ஆட்கள் வாளியும் தும்புத்தூரிகையுமாக ஓடித்திரிந்தார்கள். அந்தத் தெருவில் வளர்ந்த எவருக்கும் வேறு விதமாகத் தொடங்கத் தெரியாது. எனக்கும் அது சரியாகவே பட்டது. வெள்ளையைக் கண்டதும் மனம் கொஞ்சம் ஆறியது என்றும் எழுத வேண்டும்.

வெள்ளையடிப்பவர் எங்கள் கட்டடத்தில் ஒழுங்குப்படி மேல்மாடியில் தொடங்கினார். மூட்டைகளை இறக்க ஆட்கள் கிடைக்கும்வரை காத்திருக்காமல், ஓர் அரிக்கன் விளக்கை வைத்துக்கொண்டு சுவர்களைச் சுரண்டி, கீறல்களை நிரப்பி, இரண்டு பூச்சு அடித்து முடித்தார். மறுநாள் காலையில் அவர் வாளியோடு கீழ்த்தளத்துக்கு இறங்கிக்கொண்டிருந்தபோது தயிர்க்கார அக்கா விறாந்தையில் ஏறினார். கையில் சட்டி இல்லை. ஓடிவந்தவர்போல மூச்சு வாங்கியது.

"மேல போகலாமா காக்கா?"

"இரி புள்ள. தண்ணி குடி."

"தண்ணி மறுகா. மேல வடக்குப் பக்கத்துச் சுவரை ஒருக்காப் பாக்கணும்."

எங்கள் இருவருக்கும் அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். அவருடைய ஊருக்கு அடுத்த ஊரில், இந்த மேல்மாடியில் அடைபட்டு விடுதலையான ஒருவர் இருந்தார். முகாம் இருந்தவரை அவர் வாய் திறக்கவில்லை. அது போய்விட்டது என்று கேட்ட பிறகு, முந்திய நாள்தான் அக்காவைக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கிறார். கண்ணைக் கட்டி வைத்திருந்ததால் கூட இருந்தவர்கள் யார் யாரென்று அவருக்குத் தெரியாது. ஆனால் இரவில் கட்டு நெகிழும் நேரங்களில் எல்லோரும் வடக்குச் சுவரில் எதையாவது கீறினார்கள். ஆணியால், நகத்தால், பல்தூரிகைக் காம்பால்.

"பேரை எழுதப் பயப்பட்டிருப்பான்" என்றார் அக்கா. "குறி வச்சிருப்பான். இஞ்ச இருந்தானா இல்லையா எண்டு அது சொல்லும். வேற ஒண்டும் வேணாம் எனக்கு. இருந்தானா, இல்லையா."

வெள்ளையடிப்பவர் படியில் நின்றபடியே வாளியைக் கீழே வைத்தார். அவருடைய முகத்தைப் பார்த்துத்தான் நான் புரிந்துகொண்டேன். காக்கா முன்னே ஏறினார், நாங்கள் பின்னால். மூட்டைகளை அன்று காலையில் எடுத்திருந்தார்கள். யன்னலால் வெயில் விழுந்தது. நான்கு சுவரும் பால்போல வெளுத்திருந்தன.

அக்கா வடக்குச் சுவரின் முன் போய் நின்றார். நிமிர்ந்து பார்த்தார், குனிந்து பார்த்தார். உள்ளங்கையை வைத்தார், எடுத்தபோது கை வெள்ளையாக இருந்தது. திரும்பி எங்களைப் பார்த்தார். ஏசியிருந்தால் தாங்கியிருக்கலாம்.

"நிறையக் கீறல் கிடந்த" என்றார் வெள்ளையடிப்பவர். "விளக்கு வெளிச்சத்தில என்னெண்டு பாக்கல்லம்மா. கிடந்த பள்ளத்தையெல்லாம் நிரப்பிட்டன்."

காக்கா வாளித் தண்ணீரும் தேங்காய்ப் பொச்சு நாரும் கொண்டுவரச் சொன்னார். தானே சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு தேய்த்தார். வெள்ளை வழிந்தது, நிரப்பிய சாந்து அசையவில்லை. கத்தியை எடுத்தார்.

"வேணாம் ஹாஜியார்" என்று வெள்ளையடிப்பவர் காக்காவின் கையைப் பிடித்தார். "கத்தி வச்சா அடியில கிடக்கிறதும் சேர்ந்து போயிரும். இது முருகைக்கல் சுவர். மாரி வரட்டும். நான் நிரப்பினது பச்சைச் சாந்து, அது பழசில ஒட்டாது. தானா விழும்."

மாரிக்கு இன்னும் மாதங்கள் இருந்தன. அக்கா சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இவ்வளவு காலம் இருந்தன். மழை வாறவரைக்கும் இரிக்கிறன்" என்றார். "அதுவரைக்கும் மறுபடி அடிச்சிராதங்க காக்கா."

கீழ்த்தளம் திறந்தது. துளைகளைக் கல் வைத்து அடைத்தார்கள். புதிய கல் என்பதால் ஒவ்வொன்றும் கதவு அளவில் தனியாகத் தெரிந்தது. பலகைகளுக்குப் பதிலாக இரும்புச் சுருள்கதவு வந்தது. வரிசையில் ஒரு கடை தொலைபேசி நிலையமாகவும் ஒன்று கணினி வகுப்பாகவும் மாறின. அக்கா மறுபடி முதல் தூணடியில் தயிர் வைத்தார். சட்டி வாங்கும்போது அவர் முகத்தைப் பார்க்க என்னால் முடிவதில்லை. காக்கா அவரோடு பகிடி விடுவதை நிறுத்திவிட்டார். மேல்மாடியில் மூன்று சுவரோரமும் துணிக்கட்டுகள் ஏறின. வடக்குச் சுவரோரம் வெறுமையாக இருந்தது.

மழை தொடங்கி, வாவி படிகளில் பாதியை மூடிய நாட்களில், சுவர் வியர்த்தது. முதலில் மயிரளவு வெடிப்புகள். பிறகு கொப்பளங்கள். நான் பகல் இடைவேளையில் கச்சேரியிலிருந்து குடையோடு வந்து ஏறிப் பார்ப்பேன். அக்கா விற்று முடிந்ததும் ஏறுவார். எதையும் கையால் தொடமாட்டார். ஒவ்வொரு நாளும் தரையில் கொஞ்சம் வெள்ளைச் சில்லுகள் கிடக்கும். சுவரில் ஒரு எழுத்து, பாதிப் பெயர், ஒரு சிலுவை, ஒரு தென்னைமரம், நாட்களை எண்ணக் கீறிய கோட்டுக்கட்டுகள் என்று வந்துகொண்டிருந்தன. இத்தனை பேர் என் கட்டடத்துக்குள் இருந்தார்கள் என்று எனக்குத் தெரியாது. காக்கா அவற்றின் முன் தொப்பியைச் சரிசெய்துகொண்டு நிற்பார்.

ஒரு காலையில் மழை விட்டிருந்தது. விடுமுறை நாள், நான் நேரத்தோடு வந்திருந்தேன். மூவரும் ஏறினோம். யன்னலுக்குப் பக்கத்தில், தரையில் இருப்பவனின் தோளளவு உயரத்தில், கையகலப் பூச்சு விழுந்திருந்தது. அதில் பிறை இருந்தது. பிறையின் வயிற்றில் புள்ளி.

அக்கா முழங்காலில் இருந்தார். விரலைப் பிறையில் வைத்து வளைவோடு இழுத்தார். புள்ளியில் வைத்தார். "இருந்திரிக்கான்" என்றார். அவர் குரலில் ஏறக்குறைய மகிழ்ச்சி இருந்தது. நான் அவர் தோளைப் பிடித்தேன். அப்போது அவர் விரல் பிறையின் கீழே நின்றது. ஒட்டிக்கொண்டிருந்த ஒரு சில்லை நகத்தால் தட்டினார். அது விழுந்தது.

அதன் கீழே ஒரு கோடு.

எனக்கு அது என்னவென்று உடனே தெரிந்தது. காக்காவுக்கும் தெரிந்தது. அவர்தான் முதலில் பேசினார்.

"ஆணி வழுக்கியிருக்கும் புள்ள. இருட்டில கீறினதுதானே. சும்மா கீறுப்பட்டிருக்கும்."

அக்கா சுவரோடு இன்னும் குனிந்தார். கோட்டின் இடது முனையில் விரலை வைத்தார். பிறகு வலது முனையில். இரண்டு முனையிலும் குத்து இருந்தது; ஆழமாக, வேலையை முடித்துவிட்டுக் குத்தியதுபோல.

"என்ட புள்ள கோடு போட்டிரிக்கான்" என்றார். "தேட வேணாமெண்டு."

கீழே யாரோ காக்காவைக் கூப்பிட்டார்கள். அவர் போகவில்லை. அக்கா சேலைத் தலைப்பால் பிறையில் இருந்த தூசியைத் துடைத்தார். அவசரமில்லாமல், சட்டியின் கழுத்தைத் துடைப்பதுபோல. பிறகு என் கையைப் பிடித்து எழும்பினார்.

"இனி வெள்ள அடிங்க காக்கா. கடை அழுக்காக் கிடக்கு."

படியில் அவர் இறங்கும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் விறாந்தையில், "சட்டிய நாளைக்குக் கொண்டுவாங்க மனே" என்று யாருக்கோ சொல்வது கேட்டது. காக்கா துணிக்கட்டு ஒன்றின் மேல் இருந்துவிட்டார். நானும் இருந்தேன்.

பெருநாளுக்கு முன் வெள்ளையடிப்பவர் வந்தார். கீழ்த்தளம் முழுவதும், மேல்மாடியில் மூன்று சுவர்களும் அடித்தார். நான்காவதற்கு வாளியைத் தூக்கியபோது காக்கா அவருக்குக் கூலியைக் கொடுத்து அனுப்பிவிட்டார். புதிய வாடிக்கையாளர்கள் மேலே ஏறி, ஏன் அந்தச் சுவர் மட்டும் இப்படி என்று கேட்பதுண்டு. காக்கா துணியை விரித்துக் காட்டுவார்.

அக்கா அதன் பிறகு மேலே ஏறவில்லை. நான் ஏறுகிறேன். ஒவ்வொரு மாரிக்கும் சுவர் இன்னும் கொஞ்சம் உதிர்கிறது. சிலுவை போய்விட்டது. தென்னைமரத்தில் பாதி இருக்கிறது. பிறையின் ஒரு முனை சென்ற மழையில் விழுந்தது. கோடு அப்படியே இருக்கிறது.